தேவன் முன்னாடியே தெரிஞ்சுகிட்டாருன்னா அப்புறம் நான் எதுக்கு ஜெபிக்கணும்?

பிரதர், நீங்க கேட்டது இதுதான்: உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே யார் யார் ரட்சிக்கப்படணும்னு தேவன் முடிவு பண்ணிட்டார்னா நான் எதுக்கு ஜெபிக்கணும், சுவிசேஷம் எதுக்கு சொல்லணும், மத்தவங்களை விட்டது அநியாயம் இல்லையா, எங்க அப்பா இன்னும் விசுவாசிக்கல அவர் பேரு அந்த லிஸ்ட்லயே இல்லையோ. நாலு கேள்வி மாதிரி இருந்தாலும் கடைசிக் கேள்விதான் உங்களை தூங்கவிடாம பண்ணுதுன்னு நினைக்கிறேன், அதுக்கு வரேன், ஆனா நேரா அங்க தாவினா சும்மா ஆறுதல் சொன்ன மாதிரி ஆயிடும், அதனால கொஞ்சம் சுத்திதான் வரணும்.

முதல்ல அந்த வார்த்தையே நம்மளை குழப்புது. பழைய தமிழ் வேதாகமத்துல 'தெரிந்துகொள்ளுதல்'னு இருக்கு. இன்னைக்கு நாம பேசறப்போ தெரிஞ்சுக்கறதுன்னா அறிஞ்சுக்கறது, விஷயம் தெரிஞ்சுகிட்டேன்னு சொல்றோம்ல அது. அதனால எபேசியர் 1:4ல உலகத்தோற்றத்துக்கு முன்னே நம்மைத் தெரிந்துகொண்டார்னு படிச்சா, ஓ தேவனுக்கு நம்மள பத்தி முன்னாடியே தகவல் தெரியும் போலன்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அங்க இருக்கிற கிரேக்க வினைச்சொல்லுக்கு அர்த்தம் தேர்ந்தெடுக்கறது, பொறுக்கி எடுக்கறது. லூக்கா 6:13ல இயேசு தன் சீஷர்கள்ல இருந்து 12 பேரை தெரிஞ்செடுத்தார்னு வருதே அங்கயும் அதே வினைச்சொல்தான். அந்த 12 பேரும் அப்ளிகேஷன் போட்டு வந்தவங்க இல்ல. யோவான் 15:16ல அவரே சொல்றார், நீங்க என்னை தெரிஞ்சுக்கல, நான்தான் உங்களை தெரிஞ்சுகிட்டேன்னு.

சரி, அப்போ இது நம்ம ஆளுங்க சொல்ற தலையெழுத்து மாதிரிதானேன்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். நல்ல கேள்வி, ஏன்னா முன்குறித்தல், அதாவது தேவன் முன்னாடியே தீர்மானிக்கறதுங்கற வார்த்தை காதுல விழுந்த உடனே பாதிப்பேருக்கு விதிதான் ஞாபகத்துக்கு வருது. தலையெழுத்துன்னா யாரோ எழுதிட்டு போயிட்டாங்க, எழுதினவருக்கும் நமக்கும் அதுக்கப்புறம் ஒரு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது, நம்ம பாடு அழுதுட்டே கழிக்க வேண்டியதுதான். எபேசியர் 1:5ல முன்குறித்தல் எந்த வார்த்தையோட ஒட்டிகிட்டு வருதுன்னு பாருங்க, சுவிகார புத்திரர். தத்து எடுக்கறது. தத்து எடுக்கறவங்க குழந்தையோட திறமையை பாத்து இன்டர்வியூ வச்சா எடுக்கறாங்க? உபாகமம் 7:7-8ல மோசே இஸ்ரவேலுக்கு சொல்ற காரணத்தை படிச்சா சிரிப்பே வரும். நீங்க எண்ணிக்கைல பெரிய ஜனம்னு உங்கள தெரிஞ்சுக்கல, நீங்கதான் இருக்கறதுலயே கொஞ்சம்பேர், கர்த்தர் உங்கள நேசிச்சதால தெரிஞ்சுகிட்டார். ஏன் நேசிச்சார்? நேசிச்சார், அவ்வளவுதான். அதுக்கு மேல தோண்டினா அந்த வசனத்துல ஒண்ணும் கிடைக்காது.

இப்போ அநியாயம்ங்கற கேள்வி. இது எங்க இருந்து வருதுன்னா நம்ம மனசுல ஒரு படம் இருக்கு. மனுஷங்க எல்லாரும் நல்லபிள்ளையா வரிசைல நின்னுகிட்டு ஆண்டவரே எனக்கும் குடுங்கன்னு கையை நீட்டறாங்க, அவர் நீ வா, நீ போன்னு பிரிக்கறார். அப்படி இருந்தா நிச்சயமா அநியாயம்தான், நானே சொல்வேன். ஆனா வேதம் காட்டற படத்துல அந்த வரிசையே இல்லையே. ரோமர் 3:11 தேவனைத் தேடுகிறவன் இல்லைங்குது, எபேசியர் 2:1 அக்கிரமத்துல செத்துக்கிடந்தோம்ங்குது, யோவான் 6:44 பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருத்தனும் வரமாட்டான்ங்குது. இழுக்கறதுன்னா தரதரன்னு இழுத்துட்டு போறதான்னா அப்படி இல்ல, அப்போஸ்தலர் 16:14ல லீதியாளை பாருங்க, பவுல் பேசறார், கர்த்தர் அவ இருதயத்தைத் திறந்தருளினார், அவ கவனிச்சு கேட்டா. யாரும் அவ கையை முறுக்கல. அவளுக்கு வேணும்னு தோணிச்சு, அந்த வேணும்ங்கறதை உள்ள வச்சது யாருங்கறதுதான் விஷயம். மனுஷனுக்கு சித்தம் இருக்கு, அது நல்லாவே வேலை செய்யுது, ஆனா அது பிடிச்சதைத்தான் தேடும், பாவ சுபாவத்துக்கு தேவன் பிடிக்கறதில்ல. எசேக்கியேல் 36:26ல கல்லான இருதயத்தை எடுத்துட்டு சதையான இருதயத்தை குடுப்பேன்னு சொன்னாரே, அது நடந்தாதான் பிடிக்கும்.

அதனால யாரையுமே ரட்சிக்காம விட்டிருந்தா அது நீதி. சிலரை ரட்சிச்சா அது இரக்கம். யாருக்கும் அநீதி நடக்கல. இது லாஜிக்கா சரிதான், ஆனா இதை நான் சொல்லி முடிச்ச உடனே யாரும் ஓஹோன்னு சமாதானமா போனதில்ல, எனக்கும் இது ஒரேயடியா தீர்ந்துடல. பவுலுக்கு அந்த கேள்வி வரும்னு தெரியும், ரோமர் 9:14லயே தேவனிடத்தில் அநீதி உண்டான்னு அவரே கேட்டுடறார். பவுல் என்ன சொல்லிருக்கணும், தேவன் யார் விசுவாசிப்பாங்கன்னு முன்னாடியே பாத்து அவங்களைத்தான் தெரிஞ்சுகிட்டார்ப்பா கவலைப்படாதன்னு ஒரே வரில முடிச்சிருக்கலாம். அப்படி சொல்லிருந்தா அநீதிங்கற கேள்வியே எழும்பிருக்காது. அவர் அப்படி சொல்லல. யாத்திராகமம் 33:19ஐ எடுத்து, எவன்மேல் இரக்கமாயிருக்க சித்தமாயிருப்பேனோ அவன்மேல் இரக்கமாயிருப்பேன்னு கர்த்தர் மோசேகிட்ட சொன்னதை காட்டறார், அப்புறம் 9:16ல விரும்பறவனாலயும் இல்ல ஓடறவனாலயும் இல்ல இரங்கற தேவனாலதான்னு முடிக்கறார். முன்னறிந்து தெரிஞ்சுகிட்டார்ங்கற விளக்கத்தை நான் ஏத்துக்க முடியாம போனது இந்த இடத்துலதான். ரோமர் 8:29ல முன்னறிந்தார்னு இருக்கே என்பீங்க. அங்க 'எதை' முன்னறிந்தார்னு இல்ல, 'எவர்களை'ன்னு இருக்கு, ஆமோஸ் 3:2ல பூமில இருக்கிற எல்லா வம்சத்துலயும் உங்களை மட்டும் அறிஞ்சேன்னு கர்த்தர் சொன்ன மாதிரி. மத்த ஜனங்க இருக்கறது அவருக்கு தெரியாதுன்னா அர்த்தம்?

ரோமர் 9:13ல யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்தேன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரை பத்தி தேவன் சொல்ற வசனத்துக்கு வரேன், இதுலதான் சண்டை அதிகம். இது மல்கியா 1ல இருந்து வருது, அங்க பேச்சு ஏசா வழி வந்த ஏதோம் தேசத்தை பத்தி, அதனால இது ஜாதிகளை பத்தினது, தனி மனுஷங்க ரட்சிப்பை பத்தினது இல்லைன்னு ஒரு வாதம் இருக்கு. அதுல நியாயம் இருக்கு, நான் அதை ஊதித்தள்ள மாட்டேன். ஆனா பவுல் ஆரம்பிச்ச கேள்வியே இஸ்ரவேல்னு பேர் இருக்கற எல்லாரும் ஏன் ரட்சிக்கப்படலங்கறது, அதாவது ஒரே ஜாதிக்குள்ள ஏன் வித்தியாசம்னு. 9:24ல யூதர்ல இருந்தும் புறஜாதியார்ல இருந்தும் அழைச்ச நம்மைன்னு ஆட்களைத்தான் சொல்றார். அதுவும் போக பிள்ளைங்க இன்னும் பிறக்கல, நல்லது கெட்டது ஒண்ணும் செய்யலன்னு 9:11ல மெனக்கெட்டு சொல்றார். வெறுத்தேன்ங்கறதுக்கு லூக்கா 14:26ல தகப்பனையும் தாயையும் வெறுக்காவிட்டால்னு இயேசு சொன்ன அதே தொனிதான்னு பலபேர் எடுத்துக்கறாங்க, நானும் அப்படித்தான்.

இன்னொண்ணு, வேகமா படிச்சா கண்ணுல படாது. ரோமர் 9:22ல கோபாக்கினை பாத்திரங்கள், அதாவது தேவகோபத்துக்கு ஆளாகறவங்க, அழிவுக்கு எத்தனமாக்கப்பட்டவைன்னு, ஆயத்தமாக்கப்பட்டவைன்னு இருக்கு, யார் எத்தனமாக்கினதுன்னு இல்ல. அடுத்த வசனத்துல கிருபை பாத்திரங்களுக்கு வர்றப்போ மட்டும் தேவனே எத்தனமாக்கினார்னு நேரா வருது. மத்தேயு 25லயும் அதே மாதிரிதான், ராஜ்யம் உலகம் உண்டானது முதல் 'உங்களுக்காக' ஆயத்தம் பண்ணப்பட்டது, அக்கினி பிசாசுக்கும் அவன் தூதர்களுக்கும் ஆயத்தம் பண்ணப்பட்டது. ரெண்டு பக்கமும் ஒரே தராசுல வைக்கல. எகிப்து ராஜா பார்வோனை தேவன் கடினப்படுத்தினார்னு கேக்கறவங்க யாத்திராகமம் 8:15ஐயும் 8:32ஐயும் சேத்து படிக்கணும், அங்க அவனே தன் இருதயத்தை கடினப்படுத்திக்கறான். 4:21ல தேவன் கடினப்படுத்துவேன்னு முன்கூட்டியே சொன்னதும் இருக்கே, ஆமா இருக்கு, ரெண்டும் இருக்கு. ஆனா ஒரு நல்ல மனுஷனை பிடிச்சு கெட்டவனா மாத்தின கதை இல்ல அது. அப்போஸ்தலர் 13லயும் ஒரே கூட்டத்துல ரெண்டும் வருது: மறுத்தவங்க 46ம் வசனத்துல நித்திய ஜீவனுக்கு தாங்களே தங்களை அபாத்திரர்னு, தகுதி இல்லாதவங்கன்னு தீர்த்துகிட்டாங்க, விசுவாசிச்சவங்க 48ம் வசனத்துல நித்திய ஜீவனுக்கு நியமிக்கப்பட்டவங்க. போனவன் தானே போனான், வந்தவனை அவர் கொண்டுவந்தார்.

வரலாறை சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதை 16ம் நூற்றாண்டு சபை சீர்திருத்தவாதி கால்வின் கண்டுபிடிச்சதுன்னு நினைக்கிறவங்க இருக்காங்க. 5ம் நூற்றாண்டுலயே, மனுஷன் தன் சொந்த சித்தத்தாலயே நல்லவனா வாழ முடியும்னு சொன்ன பெலாகியுஸுக்கு எதிரா பிஷப் அகஸ்டின் இதைத்தான் எழுதினார், 529ல பிரான்ஸ்ல ஆரஞ்சுங்கற ஊர்ல கூடின சபைத்தலைவர்கள் சங்கம் விசுவாசத்தோட தொடக்கமே கிருபைதான்னு சொல்லிச்சு, கூடவே தேவன் யாரையும் தீமைக்கு முன்குறிச்சார்னு சொல்றதை கண்டிச்சுது. 1525ல சீர்திருத்தவாதி லூத்தர், எராஸ்மஸ்ங்கற அறிஞருக்கு பதில் சொல்ற மாதிரி மனுஷ சித்தத்தோட அடிமைத்தனத்தை பத்தி எழுதினார். கால்வின் வழி போதனையை மறுத்த நெதர்லாந்து போதகர் ஆர்மீனியுஸ் 1609ல இறந்துட்டார், அடுத்த வருஷம் அவரை பின்பற்றினவங்க 5 குறிப்பு எழுதி குடுத்தாங்க, அதுக்கு பதிலாத்தான் 1618-1619ல நெதர்லாந்துல டார்ட்ங்கற ஊர்ல கூடின சபைச் சங்கம் அஞ்சு தலைப்புல முடிவு எழுதிச்சு. அதாவது கால்வினிசத்தோட அஞ்சு குறிப்புன்னு பேசறோமே அது எதிராளியோட அஞ்சுக்கு குடுத்த பதில், கால்வின் செத்து 50 வருஷத்துக்கு மேல ஆனப்புறம் வந்தது. அந்த அஞ்சு குறிப்போட முதல் ஆங்கில எழுத்துகளை சேத்து டூலிப்னு (TULIP) சொல்ற எழுத்து விளையாட்டு அதுக்கும் ரொம்ப பின்னாடி வந்தது. ஆர்மீனியுஸ் மனுஷன் தானே தன்னை ரட்சிச்சுக்கலாம்னு சொன்னார்னு சொல்றதும் பொய், கிருபை முந்திவந்து உதவாம ஒருத்தனும் திரும்ப முடியாதுன்னுதான் அவரும் சொன்னார், அந்த கிருபையை எதிர்க்க முடியுமா முடியாதாங்கறதுலதான் சண்டை. கத்தோலிக்க சபைக்குள்ளயும் டொமினிக்கன்களும் இயேசு சபைக்காரங்களும்ங்கற ரெண்டு துறவிக் கூட்டமும் இதே விஷயத்துக்கு மோதிகிட்டு, 1598ல இருந்து 1607 வரைக்கும் ரோமில விசாரணை நடந்து, கடைசில போப் தீர்ப்பே சொல்லாம ஒருத்தரை ஒருத்தர் கள்ள உபதேசக்காரன்னு சொல்லாதீங்கப்பான்னு அனுப்பி வச்சார். அது கொஞ்சம் நமக்கும் தேவைப்படுதுன்னு நினைக்கிறேன். புதுசா இந்த உபதேசத்துக்குள்ள வந்தவங்களை ரெண்டு வருஷம் கூண்டுல போட்டு வைக்கணும்னு எங்களுக்குள்ளயே ஒரு ஜோக் உண்டு, நான் அந்த ரெண்டு வருஷம் வெளியதான் சுத்திகிட்டு இருந்தேன், பாக்கறவங்க கிட்டல்லாம் ரோமர் 9ஐ தூக்கி அடிச்சேன், கிருபையை பத்தி பேசறவன்கிட்ட ஒரு துளி கிருபை இல்லன்னு ஒரு பெரியவர் முகத்துக்கு நேரா சொன்னார், சொன்னது சரிதான்.

கால்வின் மாதிரி நம்பற எங்க தரப்புக்கு கஷ்டமான வசனங்கள் இல்லையான்னா இருக்கு. 1 தீமோத்தேயு 2:4 எல்லா மனுஷரும் ரட்சிக்கப்படணும்னு அவர் சித்தமுள்ளவர்ங்குது. எல்லா மனுஷர்னா எல்லா வகையான மனுஷர், ராஜாக்களுக்காக ஜெபிக்கச் சொன்ன இடத்துலதானே வருதுன்னு ஒரு விளக்கம் உண்டு, அது அங்க ஓரளவு பொருந்துது. ஆனா எசேக்கியேல் 33:11ல துன்மார்க்கனோட மரணத்துல எனக்கு பிரியமில்லன்னு ஆணையிட்டு சொல்றாரே, எருசலேமைப் பாத்து எத்தனை தடவை உன்னை சேத்துக்க மனசா இருந்தேன் உனக்குத்தான் மனசில்லன்னு மத்தேயு 23:37ல இயேசு சொல்றாரே, அதை வகைன்னு சொல்லி தாண்ட முடியாது, தாண்டவும் கூடாது. அந்த ஏக்கம் நிஜம். தேவன் தீர்மானிக்கற சித்தம் ஒண்ணு, அவருக்கு பிரியமான சித்தம் ஒண்ணுன்னு பிரிச்சு சொல்வாங்க, சிலுவையை வச்சு பாத்தா அந்த பிரிவு இருக்கத்தான் செய்யுது, ஏன்னா கொலை செய்யறது அவருக்கு பிரியமில்ல, ஆனா அப்போஸ்தலர் 4:27-28 ஏரோதும் பிலாத்தும் சேந்து செஞ்சது அவர் கரமும் ஆலோசனையும் முன்குறிச்சதுன்னு சொல்லுது. செஞ்சவங்க குற்றவாளிங்கதான், அதை 2:23லயே பேதுரு அக்கிரமக்காரருடைய கைகள்னு சொல்லிட்டார். இந்த ரெண்டும் உள்ளுக்குள்ள எப்படி இணையுதுன்னு கேட்டீங்கன்னா உபாகமம் 29:29தான், மறைவானவை கர்த்தருக்குரியவை. இதை நான் வாதத்துல மாட்டிகிட்டு தப்பிக்க சொல்லல, மாட்டிக்காத வாதமே இந்த விஷயத்துல எந்த பக்கத்துலயும் கிடையாது.

ஜெபம் எதுக்குங்கறதுக்கு எனக்கு பிடிச்ச பதில் ஒரு கப்பல்ல இருக்கு. அப்போஸ்தலர் 27. புயல், பல நாளா சூரியனும் தெரியல நட்சத்திரமும் தெரியல, தூதன் வந்து பவுல்கிட்ட உன்னோட யாத்திரை பண்றவங்க எல்லாரையும் தேவன் உனக்கு தயவு பண்ணினார்னு சொல்லிடறான், ஒரு உயிர் கூட போகாதுன்னு பவுலும் எல்லார்கிட்டயும் சொல்லிடறார். முடிவாயிடுச்சு. கொஞ்ச நேரத்துல மாலுமிங்க படகை இறக்கி நைசா தப்பிக்க பாக்கறாங்க, அதே பவுல் நூற்றுக்கு அதிபதிகிட்ட ஓடிப்போய் இவங்க கப்பல்ல இல்லன்னா நீங்க தப்பமாட்டீங்கன்னு சொல்றார். அப்புறம் எல்லாரையும் உக்காரவச்சு சாப்பிட வைக்கறார், 276 பேர். தேவன் சொல்லிட்டாரேன்னு அவர் போர்வையை போத்திட்டு படுக்கல. முடிவை தீர்மானிச்சவர் அதுக்கு போற வழியையும் தீர்மானிச்சிருக்கார், அந்த வழில கயிறை அறுக்கறது, சாப்பிடறது, நீந்தறது எல்லாம் இருக்கு, ஜெபமும் இருக்கு.

அதுவும் போக நீங்க உங்க அப்பாவுக்காக எப்படி ஜெபிக்கறீங்கன்னு யோசிச்சு பாருங்க. ஆண்டவரே அவர் மனசை தொடுங்க, கண்ணை திறங்கன்னுதானே? ஆண்டவரே நீங்க உங்க பங்கை செஞ்சுட்டீங்க இனிமே தலையிடாதீங்க, அவரா முடிவு பண்ணட்டும்னு முழங்கால்ல நின்னு யாராவது சொல்லி நான் கேட்டதில்ல. அவர் கைல இருக்குன்னு நம்பறதாலதான் கேக்கறோம். கால்வின் தன் பெரிய நூலோட 1559 பதிப்புல தெரிந்துகொள்ளுதலை ஆரம்பத்துல வைக்கல, மூணாவது புத்தகத்துல விசுவாசம், மனந்திரும்புதல் எல்லாம் பேசி முடிச்சுட்டு வைக்கறார், அதுக்கு நேர் முந்தின அதிகாரம் ஜெபத்தை பத்தினது, அதுவும் நீளமான அதிகாரம்.

சுவிசேஷத்துக்கும் அதேதான். கொரிந்துல பவுல் பயந்துபோய் இருக்கறப்போ கர்த்தர் சொன்ன காரணம் அப்போஸ்தலர் 18:10, இந்தப் பட்டணத்துல எனக்கு அநேக ஜனங்கள் உண்டு. அந்த ஜனங்க இன்னும் விசுவாசிக்கவே இல்ல, ஆனா எனக்கு உண்டுங்கறார். பவுல் அதை கேட்டுட்டு அப்போ நான் கிளம்பறேன்னு சொல்லல, ஒன்றரை வருஷம் அங்கயே உக்காந்து உபதேசம் பண்ணார். 1793ல இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியும் இந்த உபதேசத்தை நம்பின பாப்டிஸ்ட்தான்.

நான் தெரிஞ்சுகொள்ளப்பட்டவனான்னு எப்படி தெரியும்னு நீங்க கேக்கல, ஆனா உள்ள அது இருக்கும். வேதத்துல தெரிந்துகொள்ளுதலை பத்தி எழுதினது பெரும்பாலும் விசுவாசிச்சவங்களுக்கு, திரும்பிப் பாத்து நான் எப்படி இங்க வந்தேன்னு ஆச்சரியப்படறதுக்கு. வெளிய நிக்கறவன் உள்ள வரலாமா கூடாதான்னு செக் பண்ற லிஸ்ட்டா எங்கயும் அதை நீட்டல. அவனுக்கு சொன்னது வா. யோவான் 6:37ல பிதா குடுக்கறவங்க எல்லாரும் என்கிட்ட வருவாங்க, வர்றவனை நான் தள்ளமாட்டேன்னு ரெண்டும் ஒரே மூச்சுல வருது, முதல் பாதி தேவன் வேலை, ரெண்டாவது பாதியை பிடிச்சுகிட்டு நீங்க வரலாம். டார்ட் சங்கமே தேவனோட ஆழமான ரகசியங்களை துருவிப் பாத்து நிச்சயத்தை தேடாதீங்க, உங்களுக்குள்ள விசுவாசமும் பாவத்துக்காக துக்கமும் நீதி மேல பசியும் இருக்கான்னு பாருங்கன்னுதான் எழுதிச்சு.

இப்போ உங்க அப்பா. அவர் லிஸ்ட்ல இல்லைன்னு உங்களுக்கு யார் சொன்னது? இன்னைக்கு விசுவாசிக்காதது ஒரு அடையாளமே கிடையாது, தமஸ்கு போற வழிக்கு முந்தின நாள் சவுலை பாத்திருந்தா யார்தான் நம்பிருப்பாங்க, சிலுவைல தொங்கின அந்த கள்ளனுக்கு இருந்தது சில மணி நேரம். யார் தெரிஞ்சுகொள்ளப்படலன்னு ஒரு பேரைக்கூட நமக்கு குடுக்கல, அதை ஊகிக்கறது நம்ம வேலையும் இல்ல. அப்புறம் ஒரு விஷயம், ரோமர் 9ஐ எல்லாரும் யாக்கோபு ஏசாவுல இருந்துதான் மேற்கோள் காட்டறோம், நானும் பல வருஷம் அப்படித்தான். அது ஆரம்பிக்கறது அங்க இல்ல. எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டு, என் ஜனத்துக்காக நானே கிறிஸ்துவைவிட்டு சபிக்கப்பட்டவனானாலும் சரின்னுதான் ஆரம்பிக்குது. விசுவாசிக்காத சொந்த ரத்தத்துக்காக அழுதுகிட்டேதான் அந்த மனுஷன் இதை எழுதிருக்கார். குயவன், களிமண், பார்வோன் எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டு அடுத்த அதிகாரத்தோட முதல் வசனத்துலயே இஸ்ரவேலர் ரட்சிக்கப்படணும்ங்கறதுதான் என் மனவிருப்பம், தேவனை நோக்கி நான் பண்ற விண்ணப்பம்னு திரும்பவும் முழங்கால்ல போயிடறார்.